கடைக் கண்ணாடிக்கு டேப் போதாது, பலகை அடியுங்கள்

முப்பது ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்கிறேன். கடைகளுக்கு அலமாரியும் கல்லாமேசையும் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சூறாவளிப் பருவம் வந்துவிட்டால் கண்ணாடி முகப்புகளுக்குப் பலகை அடிப்பதே முழுநேர வேலையாகிவிடும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி வைத்துவிட்டு, "இது போதும் அல்லவா, அண்ணா?" என்று கேட்பார். போதாது. டேப் கண்ணாடிக்குக் கடுகளவும் வலுச் சேர்ப்பதில்லை. சிறு சில்லுகளாகச் சிதற வேண்டியதைப் பெரிய துண்டுகளாகப் பறக்க விடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு புயல் ஓய்ந்த மறுநாள் ஒரு துணிக்கடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டேப் ஒட்டியிருந்த முகப்பு முழுவதும் போய்விட்டது. முழங்கை நீளத் துண்டு ஒன்று, டேப் ஒட்டியபடியே, கல்லாமேசையின் முன்பலகையில் செருகி நின்றது. இடுக்கி கொண்டுதான் பிடுங்கினேன். அந்த மேசைக்குப் பின்னால் தினமும் உட்காரும் அம்மா, வெட்டுப்பட்ட மரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அன்றிலிருந்து டேப்பைப் பார்த்தாலே எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வரும்.

கண்ணாடி போனால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அதன் வழியே காற்று உள்ளே புகுவதுதான் ஆபத்து. கூரைக்கு மேலே பாயும் காற்று அதை ஏற்கெனவே மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். முகப்பு உடைந்ததும் உள்ளே நுழைந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளும். கூரைகள் பெயர்ந்து போவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே, "அழுத்தம் சமமாகட்டும்" என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் மூடுங்கள், உள்ளறைக் கதவுகள் உட்பட.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. 5 சதுர மீட்டர் கண்ணாடி என்றால் முக்கால் டன். ஆனால் என் அனுபவத்தில் கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் காற்று சுமந்து வரும் பொருள்தான். 1983இல் அலிசியா சூறாவளி ஹூஸ்டன் நகர மையத்தைத் தாக்கியபோது, கூரைகளில் பரப்பியிருந்த சரளைக் கற்களே பறந்து சென்று உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடிகளை நொறுக்கின. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி வந்துபோன பிறகு, தெற்கு ஃபுளோரிடாவில் கண்ணாடிக்கும் ஷட்டருக்கும் ஒரு சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். சுமார் 4 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிந்து பார்ப்பார்கள். நாம் பலகை அடிக்கும்போதும் அப்படி ஒரு சட்டம் வந்து மோதும் என்று நினைத்துத்தான் அடிக்க வேண்டும்.

பிளைவுட் குறைந்தது 15 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். அலமாரி முதுகுக்குப் போடும் மெல்லிய பலகையைப் புயல் காகிதமாகக் கிழித்துவிடும். திறப்பின் நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் சுவர்மேல் ஏறி உட்காரும்படி வெட்டுங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் அலுமினியச் சட்டத்தில் திருகாணி போடவே கூடாது. பலகை இழுக்கும்போது சட்டமும் கண்ணாடியும் சேர்ந்தே வந்துவிடும். சுவரில்தான் பிடிப்பு வேண்டும். கான்கிரீட் என்றால் அதற்கான ஆங்கர் போல்ட், மரம் என்றால் 5 சென்டிமீட்டராவது உள்ளே இறங்கும் நீளத் திருகாணி. எதுவானாலும் தலைக்கு அடியில் அகலமான வாஷர் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் திருகாணி சுவரிலேயே நிற்கும், பலகை மட்டும் துளையைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். ஒரு திருகாணிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி போதும். ஆணி அடிப்பதை விட்டுவிடுங்கள். பலகை காற்றில் உள்ளும் புறமுமாக அதிர அதிர, ஆணி கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து வெளியே வந்துவிடும்.

வீட்டு ஜன்னலுக்கு ஒரே பலகை போதும். கடை முகப்புக்குப் போதாது, இரண்டு மூன்றை இணைக்க வேண்டிவரும். அந்த இணைப்புதான் பலவீனமான இடம். இணைப்பின் மேல், மேலிருந்து கீழ்வரை ஒரு கனமான மரச்சட்டத்தைக் குத்துவாட்டில் நிறுத்தி, இரு பலகைகளையும் அதோடு சேர்த்துத் திருகி, சட்டத்தின் இரு முனைகளையும் சுவரில் பிடியுங்கள். பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். காற்றில் பலகை உள்நோக்கி வளையும். கண்ணாடியைத் தொட்டால் அதுவே உடைத்துவிடும்.

இதையெல்லாம் வானம் தெளிவாக இருக்கும் நாளில் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அளந்து, வெட்டி, துளையிட்டு, ஒருமுறை பொருத்திப் பார்த்துக் கழற்றி, ஒவ்வொரு பலகையிலும் 'முன் இடது 1', 'பின் ஜன்னல்' என்று பெயின்டில் எழுதி, எது மேல்பக்கம் என்று அம்புக்குறியும் போட்டு வையுங்கள். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் எச்சரிக்கை விடுப்பது, பலத்த காற்று வந்து சேர்வதற்கு ஏறக்குறைய 36 மணி நேரம் முன்பு. காற்று எழுந்த பிறகு ஏணிமேல் பலகையைத் தூக்குவது உயிரோடு விளையாடுவது. பலகை கப்பலின் பாய்போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பலகைக் கடைகளிலும் அதற்குள் சரக்கு தீர்ந்திருக்கும்.

ஷட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண ஷட்டர் திருட்டுக்காகச் செய்தது. பலத்த காற்றில் நடுவே வயிறு போல உப்பி, பட்டைகள் பக்கச் சேனலிலிருந்து நழுவிவிடும். உட்பக்கமாக இரண்டு மூன்று இடங்களில் குறுக்குச் சட்டம் கொடுத்துச் சுவரோடு இறுக்குங்கள். புயலைத் தாங்கும் ஷட்டர் என்று சோதித்து விற்பவையும் உண்டு. வசதி இருந்தால் அதற்கு ஈடு வேறில்லை.

முன்பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். புயலின் கண் கடக்கும்போது எல்லாம் முடிந்ததுபோல அமைதியாகிவிடும். பிறகு அதே பலத்தோடு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். பின்ஜன்னலும் சரக்கு இறக்கும் கதவும் அப்போதுதான் அடிவாங்கும்.

வெளியே கிடப்பதை எல்லாம் உள்ளே எடுங்கள். பூந்தொட்டி, நாற்காலி, குப்பைத்தொட்டி, நடைபாதைப் பலகை எல்லாமே யாரோ ஒருவருடைய கண்ணாடிக்கு எதிரி. துணிப்பந்தலைக் கழற்றிவிடுங்கள். பெயர்ப்பலகையின் போல்ட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள் அல்லது இறக்கிவிடுங்கள். கூரையில் ஏறி மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுங்கள். தண்ணீர் தேங்கிய எடையாலேயே சரிந்த கூரையைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடியை ஒட்டி அடுக்கிய சரக்கைப் பின்னறைக்கு மாற்றி, தரையில் இருப்பதை மேலே ஏற்றுங்கள். வாசலில் முதலில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் மணல் மூட்டைகளைச் செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி அடுக்குங்கள். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும். முட்ட நிரப்பினால் ஒன்றோடொன்று படியாது, இடுக்கில் தண்ணீர் வரும். கணக்குப் புத்தகம், உரிமப் பத்திரம், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை உங்களோடு வரட்டும். காலியாகும் முன் கடையின் ஒவ்வொரு மூலையையும் அலமாரியையும் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று பருவம் தொடங்கும் முன்பே படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் அது தனி. புயல் கிளம்பிய பிறகு வாங்க முடியாது.

கடைசியாக மெயின் ஸ்விட்சை அணைத்து, எரிவாயுவை மூடி, பூட்டிவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். சரக்குக்குக் காவலாக யாரும் உள்ளே படுக்க வேண்டாம். வேலை செய்யும் பையன்களையும் அப்படி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

திரும்பி வந்ததும் பலகைகளை உடனே கழற்றுங்கள். அடைத்த கடையில் தீப்பிடித்தால் வெளியேற வழியிருக்காது. ஈரம் காய்ந்த பிறகு தரையில் படாமல் இரண்டு கட்டைகள்மேல் அடுக்குங்கள். திருகாணிகளையும் வாஷர்களையும் எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் போட்டு, அதே பலகைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள்.