துணைவர் விசாவில் போகிறீர்களா? வேலை தேடும் முன் இதைப் பாருங்கள்

ரெஸ்யூமைத் தொடும் முன் விசாவைப் பாருங்கள். எல்லாத் துணைவர் விசாவும் வேலை பார்க்க விடாது. அமெரிக்காவின் எச்-4 (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கானது) என்றால் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். அதுவும் எல்லோருக்கும் கிடைக்காது. எல்-2 (நிறுவனமே தன் அமெரிக்கக் கிளைக்கு மாற்றி அனுப்பும் ஊழியரின் குடும்பத்துக்கான விசா) துணைவருக்கு 2021 நவம்பரிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

அனுமதி உண்டு என்றால் ரெஸ்யூமில் பெயருக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்: "மார்ச் முதல் அங்கே இருப்பேன், வேலை செய்ய அனுமதி உண்டு, விசாவுக்கு நிறுவனம் ஸ்பான்சர் பண்ணத் தேவையில்லை." வெளிநாட்டு முகவரியைப் பார்த்ததும் 'இவருக்கு ஸ்பான்சர் பண்ண வேண்டியிருக்கும்' என்று ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம். இந்த ஒரு வரி இருந்தால் மேற்கொண்டு படிப்பார்கள்.

அப்புறம், அனுபவச் சான்றிதழ், பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் விவரப் பட்டியல்) இரண்டையும் கிளம்பும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள். அங்கே போய் மெயில் போட்டு வாங்குவது பெரும்பாடு.