கிராங்க் ஆடினால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள்

சைக்கிள் பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே கண்ணில் பட்ட நட்டையெல்லாம் முறுக்கத் தோன்றும். அதுதான் முதல் தவறு. செயினைக் கழற்றிவிட்டு, ஒரு கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) நுனியைப் பிடித்து ஃபிரேம் பக்கம் தள்ளி இழுத்துப் பாருங்கள். மறுபக்கக் கிராங்கும் சேர்ந்து ஆடினால் கோளாறு பேரிங்கில். பிடித்தது மட்டும் ஆடினால், இரண்டு கிராங்கையும் இணைக்கும் அச்சில் அது உட்கார்ந்த இடம் தளர்ந்திருக்கிறது. பேரிங்கைத் தொடவே வேண்டாம்.

பேரிங்தான் என்றால், செயின் பக்கக் கப்போடு (பேரிங் குண்டுகள் ஓடும், ஃபிரேமில் திருகிய கிண்ணம்) மல்லுக்கட்டாதீர்கள். பெரும்பாலான சைக்கிள்களில் அதற்கு இடமரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கழலவில்லையே என்று வழக்கமான திசையில் பலத்தைக் காட்டினால் இன்னும் இறுகும், ஸ்பேனர் வழுக்கிக் கை கிழியும். (பெடலில் கதை தலைகீழ்: அங்கே இடமரை இடது பக்கத்துக்கு.) ஆட்டத்தைச் சரிசெய்ய இடது கப் போதும்.

தனிக் குண்டுகள் போடும் பழைய வகையில் பெரும்பாலும் பக்கத்துக்கு 11, கால் இஞ்ச் அளவு. போட்டபின் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். அதைப் பார்த்துப் பன்னிரண்டாவதைத் திணிப்பவர்கள் உண்டு. அது மற்றவற்றின் மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் இறுக்கிவிடும். தேய்ந்த குண்டுகளோடு நாலு புதுசைக் கலப்பதும் வீண்வேலை, பாரம் முழுக்கப் புதுசின் மேலேயே விழும். அச்சைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். பல அச்சுகளில் செயின் பக்கம் நீளம்.

இனி பலர் சறுக்கும் இடம். கப்பை அளவாக வைத்துவிட்டு, அதை நகராமல் பூட்டும் லாக் ரிங்கை இறுக்குவார்கள். ரிங்கோடு கப்பும் சேர்ந்து உள்ளே திரும்பிவிடும். வைத்த அளவு போச்சு. கப்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் ரிங்கை இறுக்க வேண்டும். இறுக்கியபின் மறுபடி பாருங்கள். வெறும் அச்சை விரலால் சுற்றும்போது மணல் நெரிவதுபோல் இருந்தால் இறுக்கம் அதிகம், அல்லது உள்ளே நிஜமாகவே மணல். ஆனால் சின்ன ஆட்டம் விரலுக்குத் தெரியாது. கிராங்கை மாட்டி அதன் நுனியில்தான் தெரியும். மூன்று நான்கு முறை மாற்றி வைக்க வேண்டிவரும், அது சகஜம். ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் ஆடினால், அச்சு வளைந்திருக்கலாம் அல்லது கப் நேராக உட்காரவில்லை. அதை முறுக்கிச் சரிசெய்ய முடியாது.

கிராங்கை அச்சோடு பிணைக்க ஆப்புபோல் பின் அடிக்கும் காட்டர் பின் வண்டியில் வேறு கூத்து. நான் முதன்முதலில் மாட்டியபோது, இரண்டு கிராங்கும் தரைக்கு இணையாக நிற்க, இரண்டு பின்னையும் மேலிருந்தே அடித்து இறக்கினேன். பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காமல் கோணலாக நின்றன. அந்த நிலையில் ஒரு நட் மேலே, மற்றது கீழே இருக்க வேண்டும். அடிக்கும்போது கிராங்குக்கு அடியில், பின் வரும் இடத்தில், தரையில் ஊன்றிய இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாகக் கப்பில் இறங்கிக் குழி விழும். நட்டால் பின்னை இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும். சுத்தியல்தான் உட்கார வைக்கும், நட் அதைப் பிடித்துக்கொள்ள மட்டும்.

சதுர அச்சுள்ள அலுமினியக் கிராங்கில், தளர்ந்தது தெரிந்தும் 'வீடு வரைக்கும்தானே' என்று மிதிக்காதீர்கள். இரும்பு அச்சு துளையைத் தின்றுவிடும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. கழற்றுமுன் போல்ட்டோடு வாஷரும் வெளியே வந்ததா என்று பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வாஷரின் மேல், கிராங்கைக் கழற்றும் கருவியான புல்லரைத் திருகித்தான் பல கிராங்குகளின் மரை போகிறது.

வெளிப்புறப் பேரிங் வரும் ஷிமானோ ஹாலோடெக் II வகையில், இடது கிராங்கின் பிளாஸ்டிக் மூடி ஆட்டத்தை எடுக்க மட்டும். விரல் பலமே போதும். கிராங்கைப் பிடிப்பது பக்கத்து இரண்டு போல்ட்டுகள். அவற்றை மாற்றி மாற்றி, 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும்.