லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? பார்மட் அடிப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

நாகர்கோவிலில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். போன ஆடி மாதம் குளச்சல் பக்கமிருந்து நர்சிங் முடித்த ஒரு தங்கை வந்தாள். ஆன்லைனில் ஜெர்மன் வகுப்பு படிக்கிறாள். "வேற ஒரு கடையில பார்மட் அடிச்சாச்சு, பெறவும் சத்தம் வரல்லண்ணே" என்றாள். பார்மட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதில் ஆறு மாத வகுப்புக் குறிப்புகள், ஸ்கேன் செய்து வைத்திருந்த சான்றிதழ்கள் எல்லாம் போய்விட்டன. எதையும் காப்பி எடுத்து வைக்கவில்லை. கேட்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

நான் திரையின் கீழே இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத்தான் முதலில் அழுத்திப் பார்த்தேன். ஹெட்போன் என்று காட்டியது. ஆனால் ஹெட்போன் எதுவும் மாட்டியிருக்கவில்லை. டார்ச் அடித்து ஹெட்போன் மாட்டும் 3.5 மி.மீ. துளைக்குள் பார்த்தால், ஓரத்தில் பச்சைக் களிம்பு. அந்தத் துளைக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. ஹெட்போன் பின் உள்ளே போனால் அந்தத் தகடு விலகும், உடனே லேப்டாப் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனுக்குச் சத்தத்தை அனுப்பும். உப்புக்காற்றில் களிம்பு பிடித்து அந்தத் தகடு ஒட்டிக்கொண்டால், ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்றே லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்கும். இதற்கு எத்தனை தடவை பார்மட் அடித்தாலும் பலன் இல்லை.

சத்தம் வராத லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் சத்தம் செத்துப்போவதில்லை, வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது எங்கே போகிறது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு. சர்ச்சில் பாட்டு வரி காட்ட புரொஜெக்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டுவார்கள். அந்தக் கேபிள் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும். பல புரொஜெக்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது, இருந்தாலும் சரியாகக் கேட்காது. லேப்டாப் கெட்டுப்போச்சு என்று பதறிவிடுவார்கள். ப்ளூடூத் இயர்போனும் அப்படித்தான். பக்கத்து அறையில் யாரோ அதை எடுத்து ஆன் செய்தால் போதும், சத்தம் அங்கே போய்விடும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் கீபோர்டில் விண்டோஸ், கன்ட்ரோல், வி ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் சத்தம் போகும் இடங்களின் பட்டியல் வரும். அதில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் ஒவ்வொரு செயலியின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் மிக்சரும் இருக்கும். ஒரு செயலியில் மட்டும் சத்தம் இல்லை என்றால் அதன் அளவு அங்கே பூஜ்ஜியமாக இருக்கலாம். பிரவுசரில் அந்த டேப் மட்டும் மியூட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, "ஷட்டவுன் பண்ணிப் பண்ணிப் பாத்தாச்சு" என்பார்கள். விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது டிரைவர்களின் (ஸ்பீக்கர் போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்களின்) நிலையை அப்படியே சேமித்து வைத்துவிட்டு, ஆன் செய்யும்போது அதையே திரும்ப எடுக்கும். சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இதிலேயே சரியானவை பல.

டிரைவர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இலவச டிரைவர் அப்டேட்டர் என்று வருகிற மென்பொருள்களை இறக்காதீர்கள். பொருந்தாத டிரைவரைப் போட்டு, இருந்ததையும் கெடுத்துவிடும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் சத்தம் போனது என்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், பழைய டிரைவருக்கே திரும்பும் ரோல்பேக் டிரைவர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆடியோ சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், விண்டோஸே திரும்பப் போட்டுக்கொள்ளும். அப்புறமும் வரவில்லை என்றால் லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து, அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருந்து டிரைவரை எடுங்கள்.

மீட்டிங்கில் பேசத் தொடங்கியதும் ப்ளூடூத் இயர்போனில் சத்தம் மட்டமாகிவிடுகிறது என்று புது இயர்போன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இயர்போனின் குறை இல்லை. பெரும்பாலான இயர்போன்கள் மைக்கைப் பயன்படுத்தும்போது போன் பேசுகிற தரத்துக்கு இறங்கிவிடும். மீட்டிங் செயலியில் மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சத்தம் குறைவு என்று, சத்தத்தை அளவுக்கு மேல் கூட்டும் வால்யூம் பூஸ்டர் மென்பொருளைப் போடாதீர்கள். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் 2 வாட் அளவிலான சின்ன ஸ்பீக்கர். அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டே இருந்தால் கரகரக்கத் தொடங்கும், பிறகு ஸ்பீக்கரையே மாற்ற வேண்டிவரும்.

சரி, களிம்புக்கு வருவோம். ஊக்கு, ஊசி, தீக்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். தகடு வளைந்துவிட்டால் போர்டில் சால்டரிங் செய்து சாக்கெட்டையே மாற்ற வேண்டும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஹெட்போன் பின்னை பத்துப் பதினைந்து தடவை மாட்டி எடுங்கள். லேசான களிம்பு அதிலேயே உதிர்ந்துவிடும். போகவில்லை என்றால் பல்லிடுக்கு பிரஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். அந்தத் தங்கையின் லேப்டாப்புக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

முட்டம், குளச்சல், மணக்குடி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்து போட்டு வைக்காதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் ஈரம் வருடத்தில் பாதி நாள் விடாது. ஹெட்போன் துளையை அடைக்க ரப்பர் மூடி வாங்கிப் போடுகிறார்கள், அதுவும் வேண்டாம். சில மூடிகள் உள்ளே இருக்கும் தகட்டைத் தள்ளி, ஹெட்போன் பின்னை மாட்டியது போலவே ஆக்கிவிடும். வாரம் ஒருமுறை ஹெட்போனை நாலைந்து தடவை மாட்டிக் கழற்றினால் போதும்.