அலர்ஜி உள்ள விருந்தாளி, பூனை உள்ள வீடு: ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

பூனை முடியைப் பெருக்கித் தள்ளிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தும்மலையும் கண் அரிப்பையும் கிளப்புவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் காரணம். பூனை நக்கிக்கொள்ளும்போது அது உடம்பெல்லாம் படிகிறது. காய்ந்தபின் நுண்ணிய தூளாகி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். வீடு முழுவதும் இதை ஒழிக்க முடியாது. விருந்தாளி இரவெல்லாம் மூச்சு விடப்போகும் அறையைக் காப்பாற்றலாம். உழைப்பை அங்கே கொட்டுங்கள்.

முதலில் ஒரு போன் போடுங்கள். ஆஸ்துமா உண்டா, பூனையால் மூச்சுத்திணறல் வந்ததுண்டா என்று கேளுங்கள். வந்திருந்தால் வேறு இடத்தில் தங்கவைப்பதே நல்லது. வெறும் தும்மல்தான் என்றால், அலர்ஜி மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே முழுப்பலன் தரச் சில நாள் ஆகும்.

ஒரு வாரம் முன்பே அந்த அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். அதற்குப்பின் பூனை ஒரு நிமிடம்கூட உள்ளே போகக்கூடாது. கதவடி இடைவெளியில் துண்டைச் சுருட்டி வையுங்கள்.

படுக்கைதான் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம். பூனை படுத்த இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். வெயில் சூட்டுக்கெல்லாம் இந்தப் புரதம் அழியாது. பூனையே போன பிறகும் மாதக்கணக்கில் தங்கும். ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் அலர்ஜி கவர் வாங்குங்கள். மேலே மட்டும் எலாஸ்டிக் வைத்து மாட்டும் ப்ரொடெக்டர் போதாது, பக்கவாட்டிலிருந்து தூள் வெளியேறும். கவர் வாங்க வழியில்லையா? மெத்தையையே அறையைவிட்டு வெளியே எடுத்துவிட்டு, புதுக் கோரைப்பாயும் துவைத்த ஜமக்காளமும் விரியுங்கள். தலையணை மட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

விரிப்புகளைத் துவைத்து இரண்டு முறை அலசுங்கள். காய்ந்து சூடாக இருக்கும் துணிக்குவியல் என்றால் பூனைக்கு உயிர். ஐந்து நிமிடம் சோபாவில் போட்டாலும் ஏறிப் படுத்துவிடும். கொடியிலிருந்து எடுத்த கையோடு மடித்துப் பையில் கட்டிவிடுங்கள்.

சுத்தம் மேலிருந்து கீழாக. ஃபேன் இறக்கைமேல் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். ஏசி ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். திரைச்சீலையைத் துவையுங்கள். சுவரையும் அலமாரியையும் ஈரத்துணியால் துடையுங்கள், கடைசியாகத் தரை. துடைப்பம் வேண்டவே வேண்டாம், படிந்ததையெல்லாம் கிளப்பிவிடும். நுண்ணிய தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லாத வேக்குவமும் அப்படித்தான், பின்பக்கமாகத் திரும்பக் காற்றில் விடும். சாதாரண வேக்குவத்தைவிட ஈர மைக்ரோஃபைபர் துணியே மேல். இந்த வேலையெல்லாம் முந்தைய நாளே முடியட்டும். வருகிற அன்று தூசி கிளப்பக்கூடாது.

ஏர் ப்யூரிஃபையர் வைப்பதானால் ஹெப்பா வகைதான், அயனி விடும் வகை அல்ல. 120 சதுர அடி, 10 அடி உயர அறையில் ஏறக்குறைய 34 கனமீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஐந்து தடவை வடிகட்ட, பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் (சுத்தமாக்கித் தரும் காற்றின் அளவு) மணிக்கு 170 கனமீட்டருக்குக் குறையக்கூடாது. முந்தைய நாளிலிருந்தே, கதவைச் சாத்தி ஓடவிடுங்கள்.

வந்த பிறகு: அவருடைய பெட்டியும் துணியும் அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும். பூனையைத் தூக்கிய சட்டையோடு நீங்கள் உள்ளே போகாதீர்கள். ஹாலில் துணி சோபாவுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலியோ மர நாற்காலியோ கொடுங்கள். பூனையைத் தொட்டால் கண்ணைத் தொடும் முன் கை கழுவச் சொல்லுங்கள்.

பூனையைக் குளிப்பாட்டலாமா என்று கேட்பார்கள். ஒரு வாரத்துக்குள் பழையபடி ஆகிவிடும். பூனை மிரளும் அளவுக்குப் பலன் இல்லை. தினமும் அலர்ஜி இல்லாத ஒருவர், வெளியே வைத்துச் சீவிவிட்டால் போதும்.

தரை துடைக்க ஃபினாயில், டெட்டால் வேண்டாம். காலில் ஒட்டியதைப் பூனை நக்கினால் அதற்கு நஞ்சு. தண்ணீரும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகையையும் அந்த நாட்களில் நிறுத்துங்கள். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் மூச்சுக்குழாயை அவை இன்னும் இறுக்கும். கொசுவுக்கு வலை கட்டிக்கொடுங்கள், அதையும் துவைத்து.