விடை ஒத்துவரவில்லையா? முதலில் வகுத்துப் பாருங்கள்

போன மாதம் ஒரு சாயங்காலம், லேப் பூட்டுகிற நேரத்தில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ரெக்கார்டு நோட்டோடு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "மேடம், மூணு தடவை போட்டுட்டேன். கணக்குல இம்பீடன்ஸ் 1,072 ஓம் வருது. அளந்தா 3,145 வருது." இம்பீடன்ஸ் என்றால் ஏ.சி. மின்னோட்டத்துக்கு ஒரு சர்க்யூட் காட்டும் மொத்த எதிர்ப்பு.

470 ஓம் ரெசிஸ்டர், 100 மில்லிஹென்றி காயில், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மூன்றும் தொடராக. அதிர்வெண் 1 கிலோஹெர்ட்ஸ். பாலிடெக்னிக் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கட்டியிருக்கும் சர்க்யூட்தான்.

மூன்று தடவையும் அவள் முதல் வரியிலிருந்து மறுபடி போட்டிருக்கிறாள். பத்தொன்பது வருடமாக லேபில் இதைப் பார்க்கிறேன். களைத்த மனசு தான் போட்ட தடத்திலேயே திரும்பவும் நடக்கும், அதே இடத்தில் அதே மாதிரி வழுக்கும். அதனால் மறுபடி போடாதீர்கள். பெரிய விடையைச் சின்ன விடையால் வகுங்கள். பெரும்பாலும் அந்த விகிதமே தவறு எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும்.

1.41 வந்தால், ஒரு பக்கம் உச்ச மதிப்பையும் இன்னொரு பக்கம் ஆர்.எம்.எஸ். மதிப்பையும் (மல்டிமீட்டர் காட்டும் பயனுறு மதிப்பு) எடுத்திருக்கிறீர்கள். 2.83 என்றால், ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்) மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை எண்ணிய வோல்ட்டேஜும் மல்டிமீட்டர் காட்டிய வோல்ட்டேஜும் கலந்துவிட்டன. 2 வந்தால் சிக்னல் ஜெனரேட்டரின் லோட் செட்டிங்கைப் பாருங்கள். அது 50 ஓமில் இருந்தால், திரையில் 5 வோல்ட் என்று போட்டுவிட்டு, பெரிய இம்பீடன்ஸ் உள்ள சர்க்யூட்டுக்குக் கிட்டத்தட்ட 10 வோல்ட் தரும். 10 என்றால் ஸ்கோப்பின் ப்ரோப்பில் (அளக்கும் கம்பியில்) இருக்கும் 1X/10X சின்ன சுவிட்சு. 1,000 என்றால் மில்லி, மைக்ரோ, நானோ குழப்பம். கெப்பாசிட்டர் மேல் 104 என்று இருந்தால் அது 100 நானோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ.

6.28 மட்டும் கொஞ்சம் ஒளிந்து விளையாடும். சூத்திரத்தில் வரும் 2π-ஐ மறந்தால் காயிலின் ரியாக்டன்ஸ் (ஏ.சி.க்கு அது காட்டும் எதிர்ப்பு) 628-க்குப் பதில் 100 ஆகச் சுருங்கும். கெப்பாசிட்டருடையது 1,592-க்குப் பதில் 10,000 ஆக ஊதும். மொத்தத்தை வகுத்தால் 6.28 வராது. அதனால்தான் ஒவ்வொரு ரியாக்டன்ஸையும் தனி வரியில் எழுதி வையுங்கள் என்று கெஞ்சுகிறேன். மூன்றையும் சாதாரண எண்களைப் போல நேராகக் கூட்டுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு 2,690 வரும். காயிலும் கெப்பாசிட்டரும் எதிரெதிர்த் திசை. முதலில் கழிக்க வேண்டும், 963 வரும். பிறகு 470-ஐயும் 963-ஐயும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

வோல்ட்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோணம் மட்டும் தப்பாக வந்தால் கால்குலேட்டரில் காஸ் 60 போட்டுப் பாருங்கள். 0.5 வராமல் மைனஸ் 0.952 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது.

சரி, அந்தப் பெண்ணுக்கு விகிதம் 2.93. அதை நான் உடனே சொல்லவில்லை. அவள் இருந்த நிலையில் எது சொன்னாலும் ஏறியிருக்காது. பக்கத்தில் உட்காரவைத்து, என் போனில் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் பாடிய சஹானா ராக ஆலாபனையைப் போட்டேன். ஆழமான குரல், அவசரமே தெரியாத பாட்டு. பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை.

நானும் கணக்கில் மாட்டிக்கொண்டால் இதைத்தான் செய்வேன். கேட்பது ஆலாபனை மட்டும்தான். அதில் தாளமும் கிடையாது, சாகித்தியமும் கிடையாது. மனசு எண்ணுவதற்கு ஒன்றுமே இருக்காது. தனி ஆவர்த்தனம் (மிருதங்கத்தின் தனி வாசிப்பு) எனக்கு உயிர், ஆனால் அந்த நேரத்தில் வேண்டாம். மிருதங்கம் குறைப்புக்கு (தாள அளவைப் படிப்படியாகக் குறைக்கும் பகுதி) போனதும் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடும், ஓய்வு போய்விடும். தூக்கம் வருகிற மதிய நேரமாக இருந்தால் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அந்த நாதஸ்வரத்துக்கு முன்னால் யாரும் சோர்ந்து உட்கார முடியாது.

பாட்டு முடிந்ததும் அவளே நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "சர்க்யூட்டுக்குக் குடுத்த 5 வோல்ட் நான் ஸ்கோப்புல கட்டம் எண்ணி எடுத்தது மேடம். மேலேயிருந்து கீழே வரைக்கும்." ரெசிஸ்டரின் குறுக்கே இருந்த 0.747 வோல்ட்டை மல்டிமீட்டரில் எடுத்திருந்தாள். அதை 470-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 1.59 மில்லிஆம்பியர். 5 வோல்ட்டை 2.83-ஆல் வகுத்து 1.77 ஆக்கி, அதை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் இம்பீடன்ஸ் 1,112.

இன்னும் 40 ஓம் இடிக்கிறது. இந்த இடத்தில்தான் பல பேர் 'சோதனைப் பிழை' என்று எழுதி மூடிவிடுவார்கள். அது எனக்கு மனசு கேட்காது. காயிலைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்க்கச் சொன்னேன். 85. செப்புக் கம்பியின் சொந்த மின்தடை அது. 470-உடன் சேர்த்தால் 555. இப்போது கணக்கிலும் 1,112. காயிலையும் கெப்பாசிட்டரையும் எல்.சி.ஆர். மீட்டரில் (காயில், கெப்பாசிட்டர் மதிப்பை நேராகக் காட்டும் கருவி) அளந்து எடுத்திருந்ததால் இவ்வளவு நெருக்கமாக வந்தது. அளக்காமல் எடுத்தால், கெப்பாசிட்டர் மேல் 'ஜே' எழுத்து இருந்தால் 5 சதவீதம், 'கே' இருந்தால் 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். மலிவான மல்டிமீட்டர்கள் பலவற்றுக்கு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏ.சி. அளவு சரியாக வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

விகிதம் எதற்குமே பொருந்தவில்லை என்றால் பேப்பரை விட்டுவிட்டு ஒயரிங்கைப் பாருங்கள். முதல் சந்தேகம் ஸ்கோப் ப்ரோப்பின் கிரவுண்டு கிளிப். ஜெனரேட்டரின் கிரவுண்டும் அதுவும் பெரும்பாலும் உள்ளே ஒன்றுதான். ரெசிஸ்டரை நடுவில் வைத்து அதன் கீழ் முனையில் கிளிப்பை மாட்டினால், அதற்குக் கீழே இருக்கும் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகிவிடும். இதே சர்க்யூட்டில் அப்போது 838 ஓம் வரும். வோல்ட்டேஜுக்கு முந்தி வரவேண்டிய மின்னோட்டம் பிந்தி வரும். அளக்கப்போகும் ரெசிஸ்டரை எப்போதும் கிரவுண்டு பக்கம் கட்டுங்கள்.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் (ஒரு சேனல் கிடையாக, இன்னொன்று நெடுக்காக) வைத்து, ஒரு சேனலில் மொத்த வோல்ட்டேஜ், இன்னொன்றில் ரெசிஸ்டர் வோல்ட்டேஜ் கொடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் நீள்வட்டம் தெரியும். அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றுங்கள். வீட்டில் தம்புராவின் நடு இரண்டு தந்திகளைச் சேர்க்கும்போது அலையலையாக ஒரு நடுக்கம் கேட்கும். பிருடையை (முறுக்காணியை) துளித் துளியாகத் திருப்பத் திருப்ப அந்த அலை நீண்டு, ஒரு கணத்தில் அடங்கிவிடும். திரையில் நீள்வட்டம் ஒடுங்கி நேர்கோடாக மாறுவதும் எனக்கு அப்படித்தான். இந்தச் சர்க்யூட்டில் அது 1,592 ஹெர்ட்ஸில் நடக்க வேண்டும். நடந்தால் காயிலும் கெப்பாசிட்டரும் பெரும்பாலும் சரி. அங்கே இம்பீடன்ஸ் வெறும் 555 ஓம்தான். ஜெனரேட்டருக்குள் இருக்கும் 50 ஓம் வோல்ட்டேஜை 8 சதவீதம்வரை இழுத்துவிடும், அதனால் உள்ளே வரும் வோல்ட்டேஜை அங்கே மறுபடி அளந்துகொள்ளுங்கள்.