பெஞ்சிலிருந்து ஒருவரை முதல் ஐந்துக்கு ஏற்றும் முன்

கூடைப்பந்தில், பெஞ்சிலிருந்து இறங்கியவர் ஒரு மேட்சில் 22 பாயிண்ட் போட்டுவிட்டால் போதும், மறுநாளே அவரை ஆட்டத்தை ஆரம்பிக்கும் முதல் ஐந்தில் இறக்கச் சொல்லி ஆளாளுக்குக் கொடி பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கோச்சும் மனுஷன்தானே, நாலு பேர் சொன்னால் மனசு ஆடும். அந்த நேரத்தில் ஸ்கோர் ஷீட்டை ஒருமுறை திரும்ப எடுத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து ஏழு த்ரீ-பாயிண்ட் ஷாட் எறிந்து ஆறு விழுந்ததால் வந்த 22 என்றால், அன்றைக்கு எறிந்ததெல்லாம் விழுந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே கையில் ஏழுக்கு ஒன்று விழும். டிஃபென்ஸில் தன் ஆளைத் தவறவிடாமல் இருப்பது, பந்தைத் தொலைக்காமல் இருப்பது, ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) முதலில் போய் இடம் பிடிப்பது, இதெல்லாம் பத்து மேட்சாகத் தொடர்ந்து தெரிகிறதா என்பதுதான் முக்கியம்.

அடுத்தது இந்த நிமிஷக் கணக்கு. 18 நிமிஷத்தில் 12 பாயிண்ட் எடுக்கிறார், அப்போ 36 நிமிஷம் கொடுத்தால் 24 என்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்த 18 நிமிஷத்தில் பெரும்பகுதி எதிரணியின் பெஞ்ச் ஆட்களோடு ஆடியதாக இருக்கும். முதலிலேயே இறங்கினால் எதிரணியின் நல்ல டிஃபெண்டர் ஒருவர் முதல் நிமிஷத்திலிருந்தே ஒட்டிக்கொள்வார். ஃபவுலையும் அதே மாதிரி பெருக்கிப் பாருங்களேன், அதை மட்டும் யாரும் செய்வதில்லை. 18 நிமிஷத்துக்கு மூன்று ஃபவுல் என்றால் 30 நிமிஷத்தில் ஐந்து ஆகிவிடும், சர்வதேச விதிப்படி அத்தோடு வெளியே. அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஆறாவது ஃபவுலில்தான் வெளியே.

இன்னொன்று, பெஞ்சில் உட்கார்ந்திருப்பதிலேயே ஒரு லாபம் இருக்கிறது. எதிரணி கார்டு (பந்தை முன்னால் கொண்டு போகிறவர்) இடது கையில் பந்தை எடுத்துப் போகத் தயங்குகிறார், அவர்களின் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) ஸ்க்ரீன் போட்டுவிட்டு, அதாவது எதிராளியின் வழியை உடம்பால் மறித்துவிட்டுத் திரும்பி ஓட ஒரு நொடி தாமதிக்கிறார் என்று ஐந்தாறு நிமிஷம் பார்த்துவிட்டு, இறங்கியதும் அந்த கார்டை இடது பக்கமே தள்ளித் தள்ளி ஆடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரை முதலிலேயே இறக்கினால் அந்தப் பாடம் கிடைக்காது.

ஆனால் நான் அதிகம் பார்த்த தவறு, திறமையில் முதல் ஐந்து பேரை வரிசையாக எடுத்து அதுதான் ஸ்டார்ட்டிங் ஃபைவ் என்று முடிவு செய்வது. பந்து ஒன்றுதானே இருக்கிறது! கையில் பந்து இருந்தால்தான் ஜொலிப்பவர்கள் மூன்று பேர் ஒன்றாக நின்றால், இரண்டு பேர் மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது ஆளை அல்ல, ஐந்து பேரின் பொருத்தத்தை. இதற்கு 2015 என்பிஏ இறுதிப்போட்டியைச் சொல்லலாம். ஆண்ட்ரே இகுடாலா அந்த சீசனுக்கு முன்புவரை தான் ஆடிய என்பிஏ மேட்ச் எல்லாவற்றிலும் முதல் ஐந்தில் இறங்கியவர். ஸ்டீவ் கெர் கோல்டன் ஸ்டேட் அணிக்குக் கோச்சாக வந்ததும் அந்த சீசன் முழுக்க அவரைப் பெஞ்சில் வைத்தார். நான்கு மேட்ச் ஜெயித்தால் கோப்பை என்ற அந்த இறுதித் தொடரில் கிளீவ்லேண்ட் அணியிடம் 2-1 என்று பின்தங்கிய பிறகு, நான்காவது மேட்சில் ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து இகுடாலாவை முதலில் இறக்கினார். போகட் மோசமாக ஆடியதற்குத் தண்டனை இல்லை அது. உயரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தையும் இடத்தையும் வாங்கினார்கள், கிளீவ்லேண்டின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸைப் பிடிக்க முதல் நிமிஷத்திலிருந்தே ஓர் ஆளும் கிடைத்தார். அந்தக் கூட்டணி சீசனில் அவ்வப்போது சேர்ந்து ஆடிப் பழகியதுதான், திடீரென்று முளைத்தது இல்லை. அப்படியும் முதல் ஏழு பாயிண்ட்டும் கிளீவ்லேண்டுக்குத்தான் போனது. அங்கேயே பயந்து போகட்டைத் திரும்பக் கூப்பிட்டிருந்தால் கதை வேறு. 103-82 என்று அந்த மேட்சையும் அடுத்த இரண்டையும் ஜெயித்து, கோப்பையோடு தொடரின் சிறந்த வீரர் விருதும் இகுடாலாவுக்கு வந்தது. கொஞ்சம் சறுக்கியதுமே பழைய ஐந்துக்கு ஓடுவதும் ஒரு தவறுதான் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

அப்புறம், மேலே ஏற்றினால் கீழே என்ன மிஞ்சும் என்று பார்க்காமல் விடுவது. 40 நிமிஷ ஆட்டத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்து மொத்தம் 200 நிமிஷம். ஒருவருக்குப் பத்து கூடினால் வேறு யாருக்கோ பத்து குறையும். பெஞ்சில் ஸ்கோர் பண்ணத் தெரிந்த ஒரே ஆளையும் தூக்கிவிட்டால், இரண்டாவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் இரண்டாவதில்) எதிரணிக்காரர்கள் தண்ணி காட்டுவார்கள். என்பிஏவின் சான் அன்டோனியோ அணியில் மானு ஜினோபிலி 2007-08ல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் (பெஞ்சிலிருந்து இறங்குபவர்களில் சிறந்தவர்) விருது வாங்கியவர், திறமைக் குறைவாலா பெஞ்சில் இருந்தார்? மேட்ச் இழுபறியில் இருக்கும் கடைசி நிமிஷங்களில் அவர் களத்தில்தான் இருப்பார். யார் ஆரம்பிக்கிறார் என்பதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை யார் முடிக்கிறார் என்பதற்குக் கொடுத்தாலே பல சண்டைகள் தீர்ந்துவிடும்.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. நான் ஆடிய ஓர் அணியில், மேட்சுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கோச் போர்டில் ஐந்து பேர் எழுதினார், இரண்டு வருஷமாக முதலில் இறங்கியவரின் பேர் அதில் இல்லை. ஒன்றும் பேசாமல் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கு வந்தவரும் சங்கடத்தில் முதல் குவார்ட்டர் முழுக்க ஒரு ஷாட்கூட எறியவில்லை. முந்தின நாளே இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசியிருக்கலாம்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? முதல் குவார்ட்டரைத் தொடாதீர்கள். நாலைந்து மேட்சுக்கு மூன்றாவது குவார்ட்டர் ஆரம்பத்தில் மட்டும் அவரை முதல் ஐந்தோடு இறக்கிப் பாருங்கள். எதிரணியும் அப்போது பெரும்பாலும் தன் முதல் ஐந்தைத்தான் இறக்கும்.