தலைத்திவசத்துக்குள் செய்ய வேண்டியவை: புற்றுநோயில் போன அப்பாவுக்கு

புற்றுநோயில் ஒருவர் போன வீட்டில், கண்ணை மூடினால் இளைத்துப்போன முகமும் முடி கொட்டிய தலையும்தான் முதலில் வரும். அறுபது வருஷம் வாழ்ந்த மனுஷர் அந்தக் கடைசி மாதங்களுக்குப் பின்னால் மறைந்துபோகிறார். அவரைத் திரும்பக் கொண்டுவரத்தான், தலைத்திவசம் என்கிற முதல் வருஷத் திதிக்குள் செய்ய வேண்டிய இந்த வேலைகள்.

முதல் வேலை அவருடைய போன். ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் கிடந்தால் சிம் முடங்கலாம். பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் பயன்படாமல் இருந்தால் அழிந்துவிடும். கருமாதி முடிந்த வாரமே ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் அத்தை, மாப்பிள்ளை, வயல் பார்த்தவர் என்று பலர் போனிலும் இருக்கும். ஒவ்வொருவரிடமும் அப்பாவோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, மீடியாவையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம், இமெயிலிலும் ஒரு பிரதி இருக்கட்டும். “மோட்டார் போட்டாச்சாப்பா?” என்று நாலு விநாடி கேட்டதுகூட வேண்டும். பேரப்பிள்ளைக்கு அவர் குரல் அதுதான்.

அடுத்தது படம். சிகிச்சை தொடங்கிய பிறகு எடுத்ததை மாட்ட வேண்டாம். நோய்க்கு இரண்டு மூன்று வருஷம் முந்தியதைத் தேடுங்கள். 12-க்கு 18 அங்குலத்தில் போட குறைந்தது 2400-க்கு 3600 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தது சுருங்கியிருக்கும், ‘டாக்குமென்ட்’ ஆக வாங்குங்கள். ஆல்பத்தில் இருப்பதை போனில் படம் பிடித்தால் வெளிச்சம் பட்டு முகம் வெளுத்துவிடும். 4-க்கு 6 அங்குலப் படத்தை ஸ்டூடியோவில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தாலே மேலே சொன்ன அளவு வந்துவிடும். ஆனால் பத்துப் பேர் நிற்கும் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டியெடுத்தால் கலங்கித்தான் வரும். ஸ்டூடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நிறம் கூட்ட வேண்டாம், மச்சத்தை அழிக்க வேண்டாம், கோட்டு மாட்டிவிட வேண்டாம். வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டு வந்த மனுஷர் கோட்டில் வேறு யாரோவாகத் தெரிவார்.

பிரேமில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே, படத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது முகம் உரிந்து வரும். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வையுங்கள். தண்ணியாக இருந்தால் கண்ணாடியில் வழிந்து கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

திதியை இங்கிலீஷ் தேதியில் மட்டும் குறித்துவைத்தால் அடுத்த வருஷம் குழப்பம்தான். தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, உயிர் போன நேரத்தில் இருந்த திதி, இந்த மூன்றும் வேண்டும். பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. அதிகாலை 3 மணிக்குப் போயிருந்தால் காலண்டரில் முந்தின நாள் தாளைப் பாருங்கள். அதில் ‘இரவு 1.10 வரை சப்தமி, பின்பு அஷ்டமி’ என்றிருந்தால் அவருக்கு அஷ்டமி. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். குடும்ப வழக்கம் எதுவோ அதையே வருஷாவருஷம் பின்பற்றுங்கள்.

காவிரிக்கரையில் திதி கொடுப்பதானால் ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்று பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். திதி பங்குனி, சித்திரையில் வந்தால் மயிலாடுதுறை துலாக்கட்டமானாலும் திருவையாறு புஷ்ய மண்டபமானாலும் மணல்தான் இருக்கலாம். கேனில் தண்ணீர் எடுத்துப்போங்கள்.

படையலில், நோயில் அவரால் விழுங்க முடியாமல் போனதையெல்லாம் வையுங்கள். வத்தக்குழம்போ, கெண்டை மீன் குழம்போ, உங்கள் வீட்டு முறைப்படி. பிடித்தது என்பதற்காகப் புகையிலையையோ பீடியையோ மட்டும் வைக்காதீர்கள். வாயில் புற்று வந்து போனவருக்கு அதை மறுபடி படைப்பது சரியில்லை, பக்கத்தில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐம்பது பேர் சாப்பாட்டுக்கு அரிசி 6 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 2 கிலோ போதும்.

அவர் பெயரில் ஏதாவது கொடுக்க நினைத்தால் ரத்தம் கொடுங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்தில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறையும், அது ரத்த வங்கியில் 5 நாள்தான் தாங்கும். அதனால் திதியன்றே பத்துப் பேர் கூட்டமாகப் போவதைவிட, வங்கியில் கேட்டுக்கொண்டு மாதத்துக்கு ஒருவராகப் போவது நோயாளிக்கு உதவும். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். விரத வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். இழந்த துக்கத்தைப் பிறருக்கு உதவியாக மாற்றியவர்களும் உண்டு: தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-ல் தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

ஆஸ்பத்திரி பைலைத் துணிமணியோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள். பார்க்க மனசு வராவிட்டால் ஒரு துணிப்பையில் கட்டிப் பரணில் போடுங்கள். நாளைக்குத் தம்பியையோ மகளையோ டாக்டரிடம் கூட்டிப்போனால், “அப்பாவுக்கு எந்த இடத்தில், எத்தனை வயதில் வந்தது?” என்று கேட்பார். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் அது இருக்கிறது.